வானத்தில் ஓடிய ஓவர்லாக்

புரட்டாசி மாசத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஷிப்டுக்கு ஆளேற்றிக்கொண்டு போன கம்பெனி வேன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டிலேயே நின்றுபோயின. மேற்கே சாயப்பட்டறைப் புகைபோக்கிக்கு மேலே ஆரம்பித்து, ரயில்வே லைனைத் தாண்டி, முத்துக்காளி நகர் ஓட்டு வீடுகளுக்கு மேலாகக் கிழக்கே குருவிக்குன்று வரைக்கும், வானத்தில் ஒரு தையல் ஓடியிருந்தது. வேறு ஊராக இருந்தால் விழுந்து கும்பிட்டிருப்பார்கள், இல்லையென்றால் பயந்து வீட்டுக்குள் ஓடியிருப்பார்கள். நம் திருப்பூர்க்காரர்களைப் பற்றித்தான் தெரியுமே, அண்ணாந்து பார்த்த முதல் நிமிஷமே அது விளிம்பைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக்கா, மடிப்பின்மேல் ஓடுகிற பிளாட்லாக்கா என்று சண்டை பிடித்துக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் டீக்கடை பெஞ்சில் அது தீர்ந்தும் போயிற்று. நான்கு நூல் ஓவர்லாக். அதிலும் பிசிறு தெரிகிற பக்கம் நம்மைப் பார்த்து இருப்பதால், நாம் எல்லோரும் துணியின் உள்பக்கத்தில் இருக்கிறோம்.

யாரோ உடுத்தியிருக்கிற சட்டைக்குள்ளே இத்தனை நாளாகக் குடியிருந்திருக்கிறோம் என்பதில் ஊருக்கு அப்படியொரு பெருமை வந்துவிட்டது. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப் போயிற்று. மழை பெய்து ஓய்ந்த பிறகும் தையல் ஓடிய வழியில் மட்டும் ஒருமணி நேரம் சொட்டிக்கொண்டே இருந்ததால், அந்த வழியிலிருந்த வீட்டுக்காரர்கள் வாசலில் குடம் வைத்தார்கள். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைப்பதற்குப் பதிலாக நூல்கண்டு வாங்கிச் சாத்தினார்கள். சர்ச்சில் பாஸ்டர் மூன்று ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றியே பேசினார். பள்ளிவாசலில் ஹஜ்ரத் மட்டும், பார்ப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூட எதையும் சேர்த்துச் சொல்லாதீர்கள் என்றார், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஐப்பசியில் பிறந்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் தையல்நாயகி என்றே பேர் வைத்தார்கள். கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடிக்கிற மெர்ச்சண்டைசர் பையன்கள் தொலைநோக்கிகளை வாங்கிக்கொண்டு மொட்டைமாடியில் ஏறி லேபிள் எங்கே இருக்கிறது, எந்த வெளிநாட்டு பையருக்கு ஓடிய ஆர்டர் என்று தேடினார்கள். லேபிள் கிடைக்கவில்லை. கிடைக்காததும் ஒரு விசேஷமாகத்தான் பேசப்பட்டது.

அந்தத் தையலைப் பார்த்து நடுரோட்டில் நின்று வாய்விட்டு அழுத ஒரே ஆள் சென்னியப்பன். பத்தொன்பது வருஷமாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து முதுகு வளைந்த டெய்லர் அவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் பெரிய டாக்டர் அவனுடைய ஒரே மகள் வர்ஷிணியின் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளையின் இதயம் வீங்கித் தளர்ந்துகொண்டே வருகிறது, சரியாக்க முடியாது, காலையும் சாயங்காலமும் மாத்திரை தவறாமல் கொடுத்தால் இழுத்துப் பிடித்துக்கொண்டு போகலாம், எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் என்று சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த சாமி படங்களை எல்லாம் கழற்றிப் பரண்மேல் போட்டவன். இப்போது அதே சுவரில் அதே ஆணியில் அவற்றை மாட்டிக்கொண்டிருந்தான்.

“அத்தனையும் என்ற கை ஓடுனாப்பலயே இருக்குது புள்ள,” என்றான் பெண்டாட்டியிடம். “வளைவுல கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு உட்டிருக்கறான் பாரு. மேல இருக்கறவனும் நம்மளாட்ட ஒரு டெய்லருதான்.”

பெண்டாட்டி மரகதம் வேறொரு கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு எண்ணூறு பனியனை விரித்துப் பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது வேலை. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போனதில்லை என்று ஊரில் பேர். அவள் ஜன்னல் வழியாக மேலே பார்த்தாள், உள்ளே உட்கார்ந்து சிலேட்டில் கோழி வரைந்துகொண்டிருந்த ஒன்பது வயது மகளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் இரண்டு வருஷம் கழித்துச் சிரிக்கிறான், அதைப் போய்க் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டாள். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

திருப்பூர்க் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. செக்கிங்கில் அம்பு ஒட்டித் தள்ளிய பீஸ், அதைத் தைத்த டெய்லரிடமே திரும்பிப் போகும். அதற்கு ஆல்டர் என்று பேர். அவர் தையலைப் பிரித்துச் சரிபண்ணிக் கொடுத்துவிடுவார். ஆனால் நடுவில் வேறு யாராவது கையை வைத்து, நூலை இழுத்தோ முடிச்சுப் போட்டோ வைத்திருந்தால் முடிந்தது கதை. வேற கை பட்ட பீஸை நான் தொடமாட்டேன் என்று தூக்கிக் கடாசிவிடுவார், சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் எடுக்கமாட்டார். சென்னியப்பனும் அப்படிக் கடாசியவன்தான். கார்த்திகை பிறந்த அன்றைக்குக் காலையில் அவன் மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல், சாமி படங்கள் கிடந்த அதே இடத்தில் வைத்தான்.

“இனி இது வேண்டாம் புள்ள. நம்ம வர்ஷிணிக் கண்ணு ஆல்டர் பீஸு. தச்சவன் இருக்கறான்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. அவன் எடுக்கற வரைக்கும் வேற கை படாம வெக்கோணும்.”

“உங்களுக்கு மண்டையில ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றாள் மரகதம். “மாத்திரைய நிறுத்துனா மாசம் நாலு தாங்காதுன்னு டாக்டர் சொன்னது உங்க காதுல உழுகலியா?”

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். உலகநாதன் சார் சொன்னதையெல்லாம் வரிசையாக எடுத்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தான். உலகநாதன் சார் என்பவர் ஹைஸ்கூலில் சயின்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர். இப்போது ஞாயிறுதோறும் கல்யாண மண்டபத்தில் ஊரில் புதிதாகக் கிளம்பிய வான்தையல் கமிட்டிக்காக மைக் பிடிக்கிறார். ரோட்டில் ஒரு பனியன் கிடந்தால் தானாக முளைத்தது என்று சொல்வாயா, சூரியன் நாலு அடி முன்னால் வந்திருந்தால் நாம் கருகியிருக்கமாட்டோமா, தண்ணீர் காற்று வெயில் எல்லாம் நமக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி அத்தனை கச்சிதமாக இருக்கிறதே, இது தானாக அமையுமா என்று கேட்டு முடித்தான்.

“நம்ம கட்டிங் ரூமுக்குப் பின்னால போயிப் பாத்திருக்கறீங்களா?” என்றாள் மரகதம். “மூட்டை மூட்டையா வேஸ்ட்டு கெடக்கும், லாரியில அள்ளிட்டுப் போவாங்க. கடையில போய் நின்னு பாக்கறவனுக்கு அது தெரியாது. அவனுக்கு எல்லா பனியனும் கச்சிதமாத்தான் தெரியும். பொருந்தாததெல்லாம் எங்கெங்க போயி உழுந்துச்சுன்னு யாரு பாத்தா? இன்னொண்ணு கேக்கறன். இத்தன வருசத்துல ஒரு பனியன முழுசா ஒரே ஆளு தச்சு நீங்க பாத்திருக்கறீங்களா? ஒருத்தன் கழுத்து, ஒருத்தன் கை, ஒருத்தன் மடிப்பு. நீங்க ஓட்டற பீஸு எங்க போவுது, ஆரு போடுவான்னு உங்களுக்கே தெரியாது. தையலப் பாத்த ஒடனே ஒரே ஒரு மகராசன், அவனுக்கு நம்ம புள்ள மேல பாசம்னு எப்படிங்க சொல்றீங்க?”

“அப்ப நம்ம புள்ளைக்கு இப்படி ஆனது சும்மா ஆனதா?” என்று கேட்டான் சென்னியப்பன். “காரணமே இல்லாமயா? அத எப்படி புள்ள நான் தாங்குவேன்?”

அவள் மருந்துக்கடைக்குப் போய் வேறு மாத்திரை அட்டை வாங்கிவந்து பருப்பு டப்பாவுக்குள் ஒளித்துவைத்தாள். புருஷன் ஏழரைக்கு வேனேறியதும் ஒன்று, சாயங்காலம் அவன் குளிக்கிற நேரத்தில் ஒன்று என்று மகளின் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். வர்ஷிணி சமர்த்தாக வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். அப்பாகிட்டச் சொல்லக்கூடாது என்றாள் மரகதம். சொல்லமாட்டேன் என்றது பிள்ளை.

இது இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், தையலின் கிழக்கு முனை குருவிக்குன்றின்மேல் தொய்ந்து இறங்க ஆரம்பித்தது. தை மாசம் பிறக்கும்போது, குன்றின் உச்சியில் கட்டடச் சாரம் ஒன்றைக் கட்டி ஏறினால் கையால் தொடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். உலகம் பூராவும் வாயடைத்துப் போகிற மாதிரி ஒரு சாட்சி வேண்டும், சாமியார்கள் சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான், படித்தவன் சொன்னாலும் சந்தேகப்படுவான், தப்பே கண்டுபிடிக்கிற ஒரு கண் பார்த்து ஓகே என்று சொல்லவேண்டும் என்று முடிவெடுத்து, உலகநாதன் சார் தலைமையில் ஏழு பேர் மரகதத்தின் வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள்.

“அம்மிணி, நீ ஒண்ணும் பேசவேண்டாம். பாத்துட்டு, தையல்தான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்,” என்றார் சார்.

அவள் சென்னியப்பனைப் பார்த்தாள். அவன் கைகூப்பி நின்றுகொண்டிருந்தான், பெண்டாட்டியைப் பார்த்து. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து அவன் கைகூப்பியதில்லை.

“நான் பாத்து இல்லைன்னு சொன்னா, மாத்திரைய எடுத்துக் குடுப்பீங்களா?” என்று அவனிடம் மட்டும் கேட்டாள்.

“குடுக்கறேன். நீ பாத்தா அது பாத்ததுதான்.”

சனிக்கிழமை காலை குன்றைச் சுற்றிலும் ஊரே திரண்டிருந்தது. கம்பெனிகள் அரைநாள் லீவு விட்டிருந்தன, ஐஸ் வண்டியும் பஞ்சுமிட்டாயும் பொரிகடலையுமாகத் திருவிழா மாதிரி நோம்பிக் கூட்டம். மரகதம் இன்ச் டேப்பையும், துணியின் இழையை எண்ணுகிற மடக்கு லென்ஸையும் முந்தானையில் முடிந்துகொண்டு சாரத்தில் ஏறினாள்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அவளுக்கும் ஆசை இருந்தது. எல்லோரையும்விட அவளுக்குத்தான் அதிகமாக இருந்தது. நூலைத் துணியில் ஏற்றவேண்டுமானால் ஊசி இறங்கவேண்டும், ஊசி இறங்கினால் துளை விழும், நூலைப் பிரித்து எடுத்தாலும் அந்தத் துளை மறையாது. செக்கிங்கில் நிற்கிற எவளுக்கும் இது தெரியும். ஒரே ஒரு ஊசித்துளை கண்ணில் பட்டுவிட்டால் போதும், தைத்த ஒருத்தன் இருக்கிறான் என்று ஒத்துக்கொண்டு, அவன் காலில் போய் விழுந்து, சண்டை போட்டு, கெஞ்சி, எப்படியாவது என் பிள்ளையைச் சரிபண்ணிக் கொடு என்று கேட்டுவிடலாம். சண்டை போடுவதற்காகவாவது ஒருத்தன் இருக்கட்டும் என்று அவள் லென்ஸை வைத்துத் தேடினாள். முதல் இன்ச்சில் பதினொரு தையல். அடுத்ததில் ஏழு. அதற்கடுத்ததில் மூன்று. சில இடத்தில் நூல் மாதிரி இருந்தது கிட்டே போனால் நிழலாக இருந்தது, சில இடத்தில் வெறும் சுருக்கமாக இருந்தது. மூன்று மணி நேரம் தேடினாள். கழுத்து வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, துளை இல்லை. ஒன்றுகூட இல்லை. அங்கேயே சாரத்துப் பலகையில் குத்தவைத்து உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

கீழே இறங்கியதும் மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

“ஊசி ஓட்டை இல்லீங்க,” என்றாள். “தையலாட்டத் தெரியுது. ஆனா ஆரும் தச்சதில்லீங்க.”

உலகநாதன் சார் சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “அவ்வளவு பெரிய டெய்லருக்கு ஊசி எதுக்கம்மிணி?”

“ஊசி வேண்டாம், நூலு வேண்டாம், ஓட்டை வேண்டாம்னா, அப்புறம் எதைய வெச்சுங்க சார் அதையத் தையல்ங்கறீங்க? நம்ம தையலாட்ட இருக்குதுன்னுதான டெய்லரு இருக்கறான்னு சொன்னீங்க? நம்ம தையலாட்ட இல்லைன்னாலும் டெய்லருதான்னா, இனி நான் எதையப் பாக்கறதுக்கு மேல ஏறோணும்?”

மைக் இல்லாததால் முன்வரிசைக்கு மட்டும்தான் அது கேட்டது. பாவம், பிள்ளை சீக்காளி, மனசு கெட்டுப் போயிருக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. பெரிய மனசுக்காரர்கள், அவளைத் திட்டக்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் குன்றின் உச்சியில் பச்சைப் பெயிண்டில் ஓகே என்று எழுதிய தகரப் பலகையை நட்டு, ‘செக்கிங் முடிந்தது’ என்று தேதியும் போட்டுவிட்டார்கள். ஊர் பழையபடி குடம் வைத்தது, நூல்கண்டு சாத்தியது.

சென்னியப்பன் வீடு வரைக்கும் பத்தடி முன்னாலேயே நடந்தான். உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “நீ சரியாப் பாக்கல.”

“சொன்ன சொல்லு என்னாச்சுங்க?”

“சரியாப் பாத்திருந்தாத்தான் சொல்லு.”

கட்டிலில் படுத்திருந்த வர்ஷிணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அன்றைக்கும் மரகதம் அவள் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். பிள்ளை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மாசி மாசம் ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துப் பிரேயரில் வர்ஷிணி நின்ற இடத்திலேயே சரிந்தாள். ஆட்டோவில் போட்டு, ஆம்புலன்சுக்கு மாற்றி, கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது காலெல்லாம் நீர்கோத்து வீங்கியிருந்தது. மாத்திரை விடாமல் கொடுத்தீங்களா என்று டாக்டரம்மா கேட்டாள். கொடுத்தேன் என்றாள் மரகதம். ஒரு வேளை தவறவில்லை என்று சத்தியம் பண்ணினாள். டாக்டரம்மா பழைய சீட்டைக் கேட்க, பிள்ளையோடு வந்த ஸ்கூல் பையில் இருக்கும் என்று துழாவியபோது, பென்சில் டப்பாவின் அடித்தட்டில், ரப்பர்த் துண்டுகளுக்கும் பென்சில் சீவலுக்கும் நடுவே, எச்சில் பட்டுக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன எல்லா மாத்திரையும். நாக்குக்கு அடியில் அடக்கி, அம்மா திரும்பியதும் துப்பிச் சேர்த்துவைத்தது, மூன்று மாசத்தது.

அதற்குப்பிறகு ஐந்து நாள். டாக்டரம்மா வராந்தாவில் நிறுத்திச் சொன்னாள், இனிமேல் மாத்திரைக்குக் கேட்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது என்று. கொடுக்கவேண்டுமென்று தோன்றினால் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன் என்றாள். நல்லவள்தான், சொல்லும்போது தோளைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

ஆறாம் நாள் காலையில் மரகதம் மாத்திரையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். சென்னியப்பன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான்; அந்த ஐந்து நாளில் அவன் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

“வாயத் தொற சாமி.”

பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டது. பிறகு மெல்ல, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, “வேற கை பட்டா எடுக்கமாட்டாங்கம்மா,” என்றது. “அப்பா சொல்லுச்சு. நான் ஒண்ணுகூட முழுங்கல.”

அப்போதுதான் மரகதம், எண்ணூறு பனியனில் ஒன்றுக்குக்கூடப் பொய்யாகப் பாஸ் போடாதவள், குனிந்து மகளின் காதோடு பொய் சொன்னாள். “மேல தச்ச அவருதான் கண்ணு இந்த மாத்திரைய அனுப்பியிருக்கறாரு. அம்மா கையில குடுக்கச் சொல்லி அவரே சொல்லிட்டாரு.”

வர்ஷிணி அவளையே பார்த்தாள். “மைக்குல ஆருமே இல்லைன்னு சொன்னியே?”

மரகதம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ டம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சொன்னேன் சாமி,” என்றாள் கடைசியில். “தேடித் தேடிப் பாத்தேன். இல்ல.”

“அப்ப என்னைய ஆரு எடுப்பாங்க?”

“ஆரும் இல்ல கண்ணு. நானும் அப்பாவுந்தான் இருக்கறோம்.”

“உங்களுக்கு ஆல்டர் பண்ணத் தெரியுமா?”

மரகதம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு வந்தான். பத்தொன்பது வருஷம் நூல் அறுத்து விரல்நுனியெல்லாம் காய்த்துப் போன கையை நீட்டி, அவளிடமிருந்து மாத்திரையை வாங்கிக்கொண்டான்.

“தெரியாது சாமி,” என்றான் சென்னியப்பன். “அப்பனுக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொல்லிட்டேன்.”

பிள்ளை அவன் கையைப் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. அவன் மாத்திரையை நாக்கில் வைத்தான், மரகதம் தண்ணீர் ஊற்றினாள், வர்ஷிணி சிரமப்பட்டு விழுங்கிவிட்டு, விழுங்கியாகிவிட்டது என்று இருவருக்கும் தெரிய நாக்கைத் தூக்கி அடியையும் காட்டினாள்.

அது காலை மாத்திரை. சாயங்கால மாத்திரைக்குத் தேவை இருக்கவில்லை.